காய்ந்திருந்த துப்பாக்கி

பத்து வருடம் இருக்கும். ரங்கூனில் பபேடான் வட்டாரத்தில் எனக்குத் தையல் மெஷின் ரிப்பேர் கடை. அந்த வருடப் பொங்கலுக்கு, ஷான் மலையில் கலோ ஊரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன்.

ரங்கூன்காரனுக்குக் கலோ குளிர் தாங்குமா? இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது. தங்கை வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டும் தொழில்; மலைவழியில் முட்டைக்கோஸ் ஏற்றிப் போவார். ஓய்வு நாளில் காட்டுக்கோழி சுட, லைசென்ஸோடு ஒரு சின்ன பாயின்ட் டூ டூ துப்பாக்கி வைத்திருந்தார். “காலையில வர்றீங்களா மச்சான்?” என்று அவர் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலமே துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன். உள்ளே பொட்டு எண்ணெய் இல்லை. எங்கள் ஊர் மழைக்கு இரும்பைச் சும்மா விட்டால் மறுநாளே துரு ஏறிவிடும். கிரீஸ் போடாமல் என் கடையிலிருந்து ஒரு மெஷின் வெளியே போகாது.

“என்ன மாப்பிள்ளை, இப்படிக் காயப் போட்டு வச்சிருக்கீங்க? லாரியும் இந்த லட்சணத்துலதான் இருக்கா?”

“இல்ல மச்சான், இந்தப் பனிக்கு...” என்று அவர் ஆரம்பித்தார். இரும்பைப் பற்றி எனக்கே பாடமா என்று சிரித்தேன். பெண் கொடுத்த வீட்டு மூத்தவன் நான். என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டார். “சரி, நீங்க மெஷின்காரரு” என்று விட்டுவிட்டார். லாரி டப்பாவில் இருந்த தடித்த கிரீஸை எடுத்து, தோட்டாவை இடிக்கும் ஊசி ஓடுகிற இடம் முழுக்க அப்பினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

விடிந்தபோது புல் வெள்ளையாக உறைந்திருந்தது. மூங்கில் புதரோரம் ஒரு சேவல் மேய்ந்தது. அவர் குறிபார்த்து விசையை இழுத்தார். ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. துப்பாக்கியை இறக்காமல், பொறுங்கள் என்று எனக்கு ஒரு விரல் காட்டினார். சேவல் தலையைத் தூக்கிவிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“போயிரப் போவுது மாப்பிள்ளை, அடுத்ததப் போடுங்க” என்று அவர் தோளைத் தட்டினேன்.

தோட்டாவை வெளியே எடுக்கப் பின்பக்கத்தைத் திறந்தார். அப்போதுதான் அது வெடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்தினார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

முதுகில் சுமந்துகொண்டு ரோடுவரை ஓடினேன். ஆஸ்பத்திரியில் தோட்டாக் கூட்டின் பித்தளைச் சில்லை எடுத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

கட்டிலருகே தங்கை அழுதுகொண்டே சொன்னாள்: “பனிக்காலத்துல அவரு அதுக்கு எண்ணெயே காட்டமாட்டாரு அண்ணே. குளிர்ல கெட்டியாயி ஊசி மெதுவாப் போய் விழுமாம், தோட்டா சமயத்துல தாமதிச்சு வெடிக்குமாம். இந்தத் தடவை என்னாச்சுன்னே தெரியல.”

கட்டுப் போட்ட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அவர் சொன்னார்: “தோட்டா பழசு. விடு.”

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். “ஆமாம்மா, தோட்டாதான்” என்றேன்.

ஒற்றைக் கண்ணோடு அந்த மலை வளைவுகளில் லாரி ஓட்ட முடியுமா? இப்போது அவர் ஒரு கோஸ் கிடங்கில் வாட்ச்மேன். தங்கையோ, “எங்க அண்ணன் சுமந்துக்கிட்டு ஓடலன்னா இவரு உசுரோட இல்ல” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குத்தான் முதல் இலை. சாப்பிட்டுக் கை கழுவும்வரை மாப்பிள்ளை முகத்தை நான் பார்ப்பதில்லை.

கடையில் இப்போது எந்த மெஷின் வந்தாலும், ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, பதில் முடியும்வரை காத்திருக்கிறேன். என் தங்கைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் பத்து வருடம் கழித்து இதை எழுதுகிறேன் என்பதை நினைத்தால், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நின்ற அதே கோழையாகத்தான் இன்னும் இருக்கிறேன் என்று தெரிகிறது.