ஜெனியின் மன்றாட்டு

என் மகள் ஜெனிக்கு நான்கு வயது. ‘அம்மா’ என்றுகூடச் சொல்லமாட்டாள். ஆனால் செபமாலை முடிவில் நாங்கள் சொல்லும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பதை மட்டும் அடிக்கடி சொல்வாள். மாதாதான் பேசவைக்கிறாள் என்று பூரித்திருந்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

“பாருங்கக்கா, என்ன பக்தி! கன்னியாஸ்திரியாத்தான் போவா,” என்றேன், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம்.

“ஏளா, அவ செபமா சொல்லுதா? ஒன் தண்ணி பாட்டிலயில்லா பாக்கா!”

கொடுத்தேன். ஜெனி மூச்சுவிடாமல் குடித்தாள். தினமும் செபமாலை முடிந்த கையோடுதான் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பேன். இத்தனை நாளும் தாகத்தோடு கேட்டதைத்தான் நான் ரசித்துக்கொண்டிருந்தேனா? அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

“அழாதளா. எம் மவனுக்கு ஆட்டிசம். அவன் டிவி விளம்பரத்தச் சொல்லித்தான் சோறு கேப்பான். ஒன் மவ மோட்சத்துக்கே மனு போடுதா!” என்று சிரித்தார். “நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வா. எங்கன காட்டணும், என்ன கேக்கணும்னு நான் சொல்லுதேன்.”

சொன்னபடியே வந்தார். பரிசோதனைகள் முடிந்து, ஜெனிக்கும் ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன அன்றும் என் கையைப் பிடித்தபடி உடனிருந்தார்.

இப்போது ஜெனி பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். அவளுக்குப் பேச்சு வரவேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்கிறேன். அதுவரை அவள் சொல்வது எனக்குப் புரியவேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறேன்.