தவளைப் பெட்டிக்கு அடித்த பெயிண்ட்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையை ஒற்றை வெல்டிங் மிஷினோடு தொடங்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கைதூக்கிவிட ஆள் கிடையாது. பட்டறைக்கு இடம் கொடுத்தவரும் மழைக்காலம் பார்த்துக் காலி செய்யச் சொன்னார். அப்படியும் கட்டினேன். தீவன லாரி, முட்டை வண்டி, பஞ்சாப் வரைக்கும் போகிற ட்ரெய்லர். சேந்தமங்கலம் சாலையில் மாடி வீடு கட்டினேன். மகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தேன். நான் கட்டிய பாடிக்குள் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது என்று ஒரு டிரைவர்கூட வந்து நின்றதில்லை. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

போன கோடைக்கு முன்னால் மகள் பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். கல்யாணம் முறிந்துபோயிற்று. ஒரு சூட்கேஸ், ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் இரண்டு பச்சைத் தவளைகள். ஏதோ வெளிநாட்டுச் சாதி. சுற்றி எப்போதும் ஈரம் இருக்க வேண்டுமாம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவற்றின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். எங்களிடம் பேச்சே இல்லை. சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவாள். என் மனைவி சாமி படத்தின் முன் அழுதாள். தவளைகளுக்கு நல்லதாக ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தால் மகள் வாயைத் திறப்பாள் என்று எனக்குப் பட்டது.

பட்டறையில் மிச்சமிருந்த பிளைவுட்டை அறுத்தேன். முன்னால் கண்ணாடிக் கதவு. வெளிப்பக்கம் பிரைமர், அதன்மேல் லாரிக்கு அடிக்கிற பெயிண்ட். மகள் வந்து எட்டிப் பார்த்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவளாகப் பேசியது அப்போதுதான்.

"ஏனுங்கப்பா, உள்ள ஒண்ணும் அடிக்கலீங்களா?"

"உள்ள எதுக்கு சாமி? மழ வெளிய பேயுதா, உள்ள பேயுதா?"

"நான் தண்ணி தெளிக்கறது உள்ளதானுங்களே."

"எத்தன லாரிக்கு அடிச்சவன் நானு! உங்கொப்பனுக்கே பாடம் எடுக்கறயா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

வெளியே விழும் தண்ணீரைத் தடுப்பதுதான் எங்கள் தொழில். உள்ளேயே நிற்கும் ஈரத்தைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. தவளைகளை அந்தப் பெட்டிக்கு மாற்றி அவள் தெளித்த தண்ணீரையெல்லாம் பலகை குடித்தது. வெளியே பெயிண்ட் அடைத்துக்கொண்டதால் காய வழியில்லை. பலகை உப்பி, கருப்பாகப் பூசணம் பூத்து, கீழ்மூலை பிளந்துகொண்டது. அந்த இடுக்கு வழியே ஒரு தவளை வெளியே போயிருக்கிறது. கட்டிலுக்கடியில் வற்றல் மாதிரி காய்ந்து கிடந்தது. மகள்தான் எடுத்தாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்லீங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு வைத்த தட்டு தொடாமல் கதவோரம் கிடந்தது. அந்தத் தட்டைப் பார்க்கப் பார்க்க, வாழ்நாளெல்லாம் கட்டியது எதுவும் எனக்கு உதவாது என்று தெரிந்துபோயிற்று.

இரண்டாவது பெட்டியைச் சொல்லாமலே செய்தேன். மூலைகளுக்கு சிலிக்கான். உள்பக்கம் முழுக்க எபாக்ஸி. இரண்டு டப்பாவைக் கலந்து பூசுவது, காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும். வாடை சுத்தமாகப் போகும்வரை வெயிலில் திறந்தே போட்டேன். தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசியவில்லை. அவள் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் பெட்டி உள்ளே போயிருந்தது. மிஞ்சிய தவளை அதில் நன்றாக இருக்கிறது. மகள் மட்டும் பேசவில்லை.

போன வாரம் மனைவி போனைக் கொண்டுவந்து காட்டினாள். பெட்டியின் படத்தை மகள் இன்டர்நெட்டில் போட்டிருக்கிறாள். எங்கே வாங்கியது என்று யாரோ கேட்டதற்கு, வாங்கவில்லை, வீட்டில் செய்தது என்று பதில் எழுதியிருக்கிறாள். யார் செய்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

"உடுங்க. புள்ள ஏதோ எழுதறாளே, அதுவே பெருசு" என்றாள் மனைவி.

எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. முகம் தெரியாத ஆட்களுக்குப் பதில் எழுதுகிறாள், ஒரே வீட்டில் இருக்கிற அப்பனிடம் பேச்சில்லை. இனிமேல் பேசுவாள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

உள்பக்கம் பூச வேண்டும் என்று முதலில் சொன்னது அவள், அதை எழுதட்டும். ஒரு தவளை செத்தது என் பெட்டியால், அதையும் எழுதட்டும். ஆனால் இந்தப் பெட்டிக்குப் பலகை அறுத்து, மூட்டி, பூசி, காயவைத்தது அவள் அப்பன். படத்துக்குக் கீழே அதைப் போடச் சொல்லுங்கள். என்னிடம் பேசாவிட்டாலும் போகிறது, அதை மட்டும் போடச் சொல்லுங்கள்.