தோற்ற தெரு வெடி போட்ட நாள்

சாரல் காலத்தில் மைக்கில் உதடு பட்டால் 'சுர்'ரென்று ஒரு ஷாக் அடிக்கும். பெரிதாக ஒன்றுமில்லை, கட்டெறும்பு கடித்த மாதிரிதான். ஆனால் அந்தச் சுரீரும், நனைந்த இரும்பு வலையின் துருவாசனையும், அதில் பல வருடமாக ஊறிப்போயிருந்த அப்பாவின் புகையிலை வாடையும் சேர்ந்து, ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிவிட்டால் இப்போதும் என் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நான் உதட்டைத் தேய்த்துக்கொண்டு முறைத்தால், "பொய் சொன்னாத்தாம்ட்டி அது பிடிக்கும்" என்று அப்பா சிரிப்பார். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்து இறுதியாட்டம் வரைக்கும் அதை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தென்காசியில் மைக் செட் வாடகைக்கு விடுகிற தொழில். கல்யாண வீடு, கோயில் கொடை, தர்கா கந்தூரி, சர்ச் திருவிழா என்று எதற்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் போகும் என்பதால் ஊருக்கே அவர் 'மைக் அண்ணாச்சி'. ஆனால் அவர் வருடம் முழுவதும் காத்திருந்தது சாரல் சீசனில் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடுகிற 'செவன்ஸ்' கால்பந்தாட்டத்துக்குத்தான். குற்றாலம் போகிற வழியில், இலஞ்சிப் பக்கம் ஒரு மைதானம். ஒரு முனையில் மலையைப் பார்த்தபடி 'மலைக்கோல்', மறு முனையில் ரோட்டை ஒட்டி 'ரோட்டுக்கோல்'. ஆட்டத்தின் நடுவே சாரல் இறங்கினால் மலைக்கோல் இருந்த இடமே தெரியாது, வெள்ளைத் துணி போட்டு மூடியதுபோல் ஆகிவிடும். ரோட்டுப் பக்கம் குடை பிடித்து நிற்கிற கூட்டத்துக்கு அப்போது அப்பாவின் குரல் மட்டும்தான் கண். அவர் கோல் என்றால் கோல்; யார் அடித்தது என்கிறாரோ அவன் அடித்தது. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, தார்ப்பாய்க்குக் கீழே போட்ட மேஜையில் அவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நான், தொண்டை கிழியக் கத்துவதற்கென்றே பிறந்தவள்போல.

எங்கள் தெரு டீமின் ஒன்பதாம் நம்பர் பீர்முகம்மது. எனக்குப் பீரண்ணன். அரிசி மில்லில் மூட்டை சுமக்கிற தோள், அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய கால். பந்து அவர் காலுக்கு வந்ததும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், "பீ...ர்" என்று அவர் இழுக்கிற இழுப்பில் தெருவே மூச்சைப் பிடித்து நிற்கும், "முகம்மது!" என்று முடிக்கும்போது பந்து பெரும்பாலும் வலைக்குள் இருக்கும். அவருக்குப் பின்னால், எதிராளியை மறித்துத் தடுக்கிற பேக் காசியண்ணன். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து ஒரே பந்தை உதைத்து வளர்ந்தவர்கள், ஒரே சைக்கிளில்தான் மைதானத்துக்கு வருவார்கள். எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில், வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பில் நீலம் கலந்து, நான் பெரிதாக ஒரு '9' எழுதிவைத்திருந்தேன்.

அந்த வருடம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் பீரண்ணன் குற்றாலம் பஜார் டீமுக்குப் போய்விட்டார்.

பஜார் டீம் என்றாலே எங்களுக்கு ஆகாது. வருடா வருடம் கோப்பையை எங்களிடமிருந்து பறிக்கிறவர்கள், அல்லது நாங்கள் அவர்களிடமிருந்து. அந்த டீமை நடத்திய லாட்ஜ் முதலாளியின் மச்சான் சார்ஜாவில் டீக்கடை வைத்திருந்தார். இந்தச் சீசன் எங்களுக்கு ஆடு, மழை விட்டதும் விசா என்று பேச்சு. பீரண்ணன் இதை முதலில் அப்பாவிடம் வந்துதான் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. "மில்லுல மூட்ட தூக்கியே முதுகு போயிரும் அண்ணாச்சி. நம்ம தெருவுல கேக்காத ஆளு இல்ல. ஒருத்தரும் விசா தரல." அது உண்மை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவில் இருந்தார். ஒருவருக்கும் பீரண்ணனைக் கூட்டிப்போகத் தோன்றவில்லை. ஆனால் அவர் போனதும் அதிகமாகக் கொதித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? லீவில் வந்திருந்த அந்த வளைகுடாக்காரர்கள்தான்! "ஒரு விசாவுக்கு ஊர வித்துட்டான்லா" என்று, சட்டைப் பையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே சொன்னார்கள்.

தெருவின் கோபம் அடங்கவே இல்லை. டீக்கடையில் மாட்டியிருந்த டீம் போட்டோவில் பீரண்ணன் முகத்தின்மேல் யாரோ தீப்பெட்டி லேபிளை ஒட்டினார்கள். அவர் பரோட்டாக் கடைக்குப் போனால், கல்லில் அடுக்கு அடுக்காக இருக்கும்போதே மாஸ்டர், "தீந்துட்டு" என்பார். காசியண்ணனின் சைக்கிளில் பின் சீட் காலியாகவே போனது. நானும் சும்மா இருக்கவில்லை. அடுப்புக் கரியை எடுத்துவந்து, சுவரில் இருந்த ஒன்பதைக் கை வலிக்க வலிக்கத் தேய்த்துக் கறுப்பாக்கினேன். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. அந்த வயதில் ஒருவரை அவ்வளவு பிடித்திருந்தால் அவ்வளவு வெறுக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது.

சீசன் தொடங்கியதும் தெருக்காரர்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கறாராகச் சொன்னார்கள். "அண்ணாச்சி, அவன் பேரு நம்ம கொழாய்ல வரப்பிடாது." வந்தால் இனி எந்தக் கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் உங்கள் செட் இல்லை என்பதை அவர்கள் சொல்லவில்லை, ஆனால் சொன்ன மாதிரிதான் எழுந்து போனார்கள். அப்பா அந்தச் சீசன் முழுக்க, "பஜார் அணியின் ஒன்பதாம் நம்பர்" என்றே சொல்லிவந்தார். சொல்லும்போதெல்லாம் கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொள்வார்.

எதிர்பார்த்தபடி இறுதியாட்டம் எங்களுக்கும் பஜாருக்கும். தெருவில் வசூல் போட்டு வெடி வாங்கி, நனையாமல் பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கூடவே இன்னொன்றும் வந்திருந்தது. ரோட்டோரம் சாலை போடுவதற்குக் கொட்டிய ஜல்லிக் குவியலிலிருந்து பையன்கள் லுங்கி மடிப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். "அவன் கோல் மட்டும் அடிக்கட்டும், வீட்டுக்கு நடந்து போகமாட்டான்" என்று, யாரும் மறைக்காமல் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள். அப்பா மைக்கைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம்வரை யாருக்கும் கோல் இல்லை. அப்போதுதான் சாரல் இறங்கியது, சாய்வாக, முகத்தில் அறைகிற மாதிரி. மலைக்கோல் பாதி மறைந்தது. மேஜையிலிருந்து எங்களுக்கு மங்கலாகத் தெரிந்தது: வலப்பக்கத்திலிருந்து பந்து உயர்ந்து வருகிறது, பீரண்ணன் கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறார், அவரை ஒட்டி எங்கள் காசியண்ணன். இருவரும் எழும்பினார்கள். பீரண்ணன் காற்றிலேயே ஒரு திருகு திருகித் தலையால் கொடுத்த பந்து, எங்கள் கோல்கீப்பர் கையைத் தூக்குவதற்குள் வலையை உப்ப வைத்தது. அப்படி ஒரு கோலை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என்னை மறந்து எழுந்துவிட்டேன், பிறகு என் மேலேயே எரிச்சல் வந்து உட்கார்ந்தேன்.

விசில் ஊதியது. அப்பா "கோல்!" என்றார். அதோடு நிறுத்திவிட்டார்.

ரோட்டுப் பக்கமிருந்து கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வர ஆரம்பித்தது. "யாரு போட்டது? அண்ணாச்சி, யாரு?" சிலருடைய கை மடிப்புக்குள் போயிருந்தது. அப்பா மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவர் உதடு "பீ" என்று குவிந்ததை நான் பார்த்தேன். அதற்குள் காசியண்ணன் சேறு தெறிக்க மேஜைக்கு ஓடிவந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார்.

"என் தலையில பட்டுத்தான் போச்சு அண்ணாச்சி. சேம் சைடு. அப்படியே சொல்லுங்க."

"ஏலே காசி, நான் பாத்தேன்லே."

"நீங்க பாத்ததையா கேக்கேன்? கல்லு வச்சிருக்கானுவ. சொல்லுங்க!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "சேம் சைடு கோல். தெரு அணியின் காசி தலையில் பட்டு..." அதோடு மைக்கை நிறுத்தினார். பொய் சொன்னவரை அது பிடிக்கவே இல்லை.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு நொடி கூட்டம் அப்படியே நின்றது. பிறகு யாரோ, "அப்ப அவன் போடலயா?" என்றார். "அவன் போடல!" என்று இன்னொருவர் கத்தினார். அவ்வளவுதான், குடைகள் வானத்துக்கு எழும்பின. கோப்பை போனது, இறுதியாட்டத்தில் தோற்றோம், அதுவும் சொந்த ஆளே போட்டுக்கொண்ட கோலில். ஆனால் பீர்முகம்மதிடம் தோற்கவில்லை! ஜெயித்தால் போட வைத்திருந்த வெடியை அங்கேயே, அந்தச் சாரலிலேயே கொளுத்தினார்கள். பாதி 'புஸ்'ஸென்று அணைந்தது. மீதி வெடித்தது. கோப்பையைத் தூக்கி நின்ற பஜார்காரர்கள், தோற்றவன் எதற்கு வெடி போடுகிறான் என்று புரியாமல் விழித்தார்கள். மடியிலிருந்த கல்லெல்லாம் சத்தமில்லாமல் சேற்றில் விழுந்தன.

பீரண்ணன் மட்டும் மேஜைக்கு வந்தார். நெற்றியில் பந்தின் சேறு வட்டமாக அப்பியிருந்தது. அதைவிடச் சாட்சி வேண்டுமா?

"அண்ணாச்சி, அது என் கோலு."

"தெரியும்லே. போயிரு. இவனுவ கலையுததுக்குள்ள வீட்டுக்குப் போயிரு."

"என் கோல எடுத்து அவன் பேர்ல போட்டுட்டியளே" என்றார் பீரண்ணன். பிறகு காசியண்ணனைப் பார்த்துத் திரும்பி, "உன்கிட்ட நான் கேட்டனாலே?" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "இதப் பத்தி வாயத் தொறக்கப்பிடாது ட்டி" என்றார். நானும் திறக்கவில்லை.

மழை விட்டதும் பீரண்ணன் சார்ஜா போனார், காசியண்ணனிடம் சொல்லிக்கொள்ளாமல். லீவில் வந்தபோதெல்லாம் தெருவில் எல்லோரிடமும் பேசினார், பரோட்டா மாஸ்டரிடம்கூட. காசியண்ணனைக் கண்டால் மட்டும் மறுபக்கம் நடந்தார். தெருவோ பீரண்ணனை மன்னித்துவிட்டுக் காசியண்ணனைப் பிடித்துக்கொண்டது. அவர் ஆட்டோ வாங்கியபோது ஸ்டாண்டில் அதற்கு வைத்த பெயர் 'சேம்சைடு ஆட்டோ'. இன்றைக்கும் அந்தப் பெயர்தான். கூப்பிடுகிற சின்னப் பையன்கள் பலருக்குக் காரணம் தெரியாது.

இப்போது நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் வகுப்புப் பையன்கள் கண்டங்களுக்கு அப்பால் நடக்கிற ஆட்டத்தைச் செல்போனில் பார்க்கிறார்கள். போன வருடம் முழுக்க ஒரு நிறச் சட்டை போட்டவன் இந்த வருடம் வேறு நிறத்தில் வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "அவரு கிளப் மாறிட்டாரு டீச்சர், நாங்களும் மாறிட்டோம்" என்றான். யார்மேலும் ஒரு சொட்டுக் கோபமில்லை. நல்லதுதான், யாரும் கல் எடுக்க வேண்டாம். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டபிறகு அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருவர் போய்விட்டாரே என்று சுவரைக் கரியால் தேய்க்கிற பிள்ளை இந்த ஊரில் இனி இல்லையோ என்று ஒரு தவிப்பு.

போன ஆடியில் இலஞ்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகக் காசியண்ணனின் ஆட்டோவில் ஏறினேன். தென்காசியைத் தாண்டுவதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் ஒருவர் காலைச் சாய்த்து நின்று கையைக் காட்டினார். வண்டி நின்றதும்தான் ஓட்டுகிறவர் யாரென்று பார்த்தார், ஒதுங்கப் போனார். நான், "ஏறுங்க பீரண்ணே, நனையிதியல்லா" என்றேன்.

"யாரு, மைக் அண்ணாச்சி மவளா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். வளைகுடாவை முடித்துக்கொண்டு வந்துவிட்டாராம். முட்டிவலி, அருவியில் கொஞ்சநேரம் நின்றால் கேட்கும் என்று கிளம்பியிருக்கிறார். அப்பா இறந்தது அவருக்கு அங்கேயே தெரியும்.

மைதானம் இருந்த இடத்தில் காசியண்ணன் யாரையும் கேட்காமல் வண்டியை ஒடித்து நிறுத்தினார். இப்போது அது சீசன் வண்டிகள் நிற்கிற பார்க்கிங். ரோட்டுக்கோல் இருந்த இடத்தில் சிப்ஸ் கடை. மலைக்கோல் பக்கம் ஒரு சுற்றுலாப் பேருந்து நின்றது, ஜன்னலெல்லாம் ஈரத்துணி தொங்க.

"அங்கனதான்லே" என்றார் காசியண்ணன், திரும்பாமல். "அந்தப் பஸ்ஸு நிக்குத இடம். நீ போட்டது."

பீரண்ணன் தலையை நீட்டி அந்தப் பேருந்தைப் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லிருக்கணும்."

"அன்னைக்குச் சொல்லிருந்தா மண்ட உடஞ்சுல்லா சார்ஜா போயிருப்ப."

"உடஞ்சா உடஞ்சுட்டுப் போவுது. கோலு என் பேர்ல இருந்திருக்கும்லா" என்றார் பீரண்ணன். நரைத்த தாடியில் மழைநீர் சொட்டியது. "அண்ணாச்சி வாயால வந்திருக்கும். இனி யாரு சொல்ல?"

அப்பாவின் குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டுப் பரணில் துரு ஏறிக் கிடக்கிறது. மைக்கை யார் எடுத்துப்போனார்களோ தெரியாது. நான் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். முகத்தில் சாரல் அறைந்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, அந்தப் பேருந்தைப் பார்த்து, வகுப்பில் கத்திக் கத்திப் பழகிய என் முழுக்குரலில் சொன்னேன்: "கோல்! அடித்தவர், ஒன்பதாம் நம்பர், பீ...ர் முகம்மது!"

பேருந்து ஜன்னலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பார்க்கிங்காரர் விசில் ஊதி, "ஆட்டோவ எடுங்க, இங்கன நிப்பாட்டப்பிடாது" என்று ஓடிவந்தார்.

பீரண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சத்தம் பத்தாது தாயி" என்றார். "அண்ணாச்சி சொன்னா இலஞ்சியில கேக்கும். இன்னொரு மட்டம் சொல்லு."

நான் மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி ஆரம்பித்தேன். பெயரைச் சொல்லி முடிக்கும்வரை, பார்க்கிங்காரர் திட்டத் திட்ட, காசியண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.