டிவியில் தள்ளாடிய பச்சைச் சட்டை

சூளகிரியில் கொத்தமல்லி வியாபாரம் செய்யும் அப்துல் சலாம் எனக்குச் சின்னம்மா மகன். அவன் மனைவி தாஹிரா என் மச்சானுடைய மகள். ஆகையால் அந்த வீட்டில் எனக்கு இரண்டு பக்கமும் சோறு உண்டு. அவர்கள் மகன் சாஜித் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். டீயைத் தவிர வேறெதையும் குடித்தறியாதவன். ஆனால் நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் நின்றபடியே தூங்குவான்.

அப்படித்தான் ஒரு காலை, கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கியவன் கண் சிவந்து, நாலடி தள்ளாடி, விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். அதை ஒரு டிவிக்காரர் படம் பிடித்துவிட்டார். சாயங்காலச் செய்தியில் வந்துவிட்டது: ‘போதையில் தள்ளாடும் இளைய தலைமுறை.’

முகத்தைப் புகைபோல மறைத்திருந்தார்கள். சட்டையை மறைக்கவில்லை. கிளிப்பச்சை. சாஜித்தின் அக்கா ஃபிசா கல்யாணத்துக்கு ஒரே துணிக்கட்டில் வெட்டி, சொந்தத்துப் பையன்கள் அத்தனை பேருக்கும் தைத்த சட்டை.

அந்த வெள்ளிக்கிழமைதான் பேரிகையிலிருந்து, சாஜித்துக்குப் பேசியிருந்த பெண் ஆஃப்ஷீனின் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வரவேண்டும். அவர்கள் வீட்டிலும் டிவி இருக்கிறதே. பெண்ணின் தாய்மாமன் போன் போட்டு, அது உங்கள் பையனா என்று கேட்டார். அப்துல் சலாம் பதறிப்போய், அந்தச் சட்டை எங்கள் சொந்தத்தில் எல்லாப் பையன்களிடமும் இருக்கிறது என்று மழுப்பினான். சொன்னதை மெய்யாக்க, வெள்ளிக்கிழமை எல்லாரும் அதையே போட்டுக்கொண்டு வரச் சொன்னான். புத்திசாலி!

இதற்குள் தாஹிராவின் தங்கை மகன் ஆமிர், “டிவில வந்தது நான்தான்” என்று போனில் போட்டு ஊரெல்லாம் லைக் வாங்கிவிட்டான். மற்றவர்கள் விடுவார்களா? ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி மாட்டி, கெலவரப்பள்ளி அணையில் தள்ளாடித் தள்ளாடி வீடியோ எடுத்தார்கள். நேராக நடக்கும் பையனே எங்கள் சொந்தத்தில் இல்லாமல் போனான். டிவி சொல்லும்வரை தாங்கள் ஒரு தலைமுறை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பேரிகைக்காரர்கள் வந்தார்கள். வாசலில் பச்சைச் சட்டைகள் வரிசையாகத் தள்ளாடி வரவேற்றன. பெண்ணின் அத்தை செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டாள்.

சாஜித்தோ நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவன். முடிவெட்டு, குளியல் என்று தாஹிரா அவனைக் கண்ணயர விடவில்லை. தாய்மாமன் பக்கத்தில் அவனை உட்கார வைத்தார்கள்.

“தம்பி, எந்த டிபார்ட்மென்ட்ல...” என்று அவர் ஆரம்பித்தார். சாஜித் அவர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டான்.

தாஹிராவுக்கு உயிரே போய்விட்டது. ஆமிர் அவள் காதருகே வந்து, “பெரியம்மா, டிவில வந்தது நான்தான்னு அவுங்ககிட்ட சொல்லட்டா?” என்றான். அவள் கிள்ளிய கிள்ளில் அவன் கண்ணாடி கீழே விழுந்தது.

தாய்மாமன் தோளை அசைக்காமல் மெல்லக் குனிந்து சாஜித்தின் வாயை மோந்து பார்த்தார். பிறகு அப்துல் சலாமைப் பார்த்தார்.

“டிவில வந்தது இவன்தானே?”

அப்துல் சலாம் தலையைக் குனிந்துகொண்டான். “ஆமாங்க. தூக்கந்தாங்க.”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? குடிச்சவன் கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லுவான். இவன் கேள்வி முடியறதுக்குள்ளயே தூங்கிட்டான். எம்மவனும் நைட் ஷிப்ட்டுதான், எனக்குத் தெரியாதா?”

அத்தை அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். பேச்சை முடித்து, போனில் ஆஃப்ஷீனிடம் சம்மதம் கேட்டார்கள். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“நிக்காஹ மட்டும் டே ஷிப்ட் வாரத்துல வெக்கச் சொல்லுங்க. கேட்டா முழிச்சிருந்து ‘சம்மதம்’ சொல்லணுமில்ல.”