கீறல் விழாமல்

என் தம்பிக்குக் கோபம் வராது. அவன் பங்கையும் சேர்த்து அக்காவான எனக்கே கொடுத்துவிட்டார்கள் என்று எங்கள் அம்மா சொல்வாள். அதனால் இதைக் கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் சாவிக்காரன். செருப்புக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில், திரும்பினால் முழங்கை இடிக்கும் அளவில் ஒரு கடை. சுவர் முழுக்க இன்னும் வெட்டாத சாவிகள் தொங்கும். மெஷின் ஓடும்போது பறக்கும் பித்தளைத் தூள் அவன் சட்டைக் கையில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையிலும் அது மினுங்கும்.

சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் அவனைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் திறந்துவிட மாட்டான். வீடு யாருடையது, நீங்கள் யார், உங்களைத் தெரியும் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் உண்டா என்று குடைந்து எடுப்பான். ஒரு தடவை ஒரு பேங்க் மேனேஜர் மழையில் நனைந்தபடி தன் வீட்டு வாசலில் நின்று கத்தினார். இவன் அவருக்குக் குடை பிடித்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தலையாட்டும் வரை பையிலிருந்து கம்பியை எடுக்கவில்லை.

ஊரார் கதவுக்கு இவ்வளவு விசாரணை. சொந்த வீட்டுக் கதவுக்கு ஒன்றுமே கிடையாது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தம்பி மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். பகல் முழுக்கப் பல்வலிக்காரர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவதால் வீட்டுக்கு வரும்போது சிரிப்பு தீர்ந்துபோயிருக்கும். சண்டை வந்தால் படுக்கையறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வாள். இவன் அரை நிமிஷத்தில் திறந்துகொண்டு உள்ளே போய், "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்பான். அதைத்தான் அவன் சமாதானம் என்று நினைத்திருந்தான். பூட்டிய கதவு என்றால் யாரோ வெளியே மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள் என்பதுதான் அவன் தொழிலில் கண்டது. உள்ளே இருப்பவர் வேண்டுமென்றே பூட்டியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அடிக்காத, குடிக்காத, கைநிறையச் சம்பாதிக்காத ஒரு சாது மனுஷனை விட்டு ஒருத்தி ஏன் போகிறாள் என்று எனக்கும் அப்போது புரியவில்லை. நானும் அவளை வாய்க்கு வந்தபடி பேசினேன்.

அவன் கைவேலையைக் கொண்டாடியது அவர்கள் மகள் பாப்பா ஒருத்திதான். இறுகிப்போன பென்சில் டப்பா, பிசின் ஒட்டிய பாட்டில், யாரோ தூக்கிப்போட்ட உண்டியல், எல்லாவற்றையும் அவனிடம் கொண்டுவருவாள். "அப்பா திறப்பாங்க" என்று தோழிகளிடம் பந்தயம் கட்டுவாள். அவனும் வேண்டுமென்றே கொஞ்சம் முக்கி முனகி, பிறகு திறந்து கொடுப்பான்.

விவாகரத்து வழக்கு போட்டதும் அவன் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தீர்ப்பு வரும் வரை எட்டு வயதுப் பாப்பா அம்மாவிடம் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்பாவிடம் என்று நீதிபதி சொல்லியிருந்தார். பாப்பாவின் புத்தகப் பை அங்கே, சைக்கிள் இங்கே. காய்ச்சல் மருந்து எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தேடுவோம். எங்கள் வக்கீலம்மா கறாரான ஆள். "மத்த நாள்ல அந்தத் தெருப்பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க. என்ன ஆனாலும் முதல்ல எனக்கு போன் பண்ணுங்க" என்றார். இவன் பயபக்தியோடு தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அது ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பாப்பாவைக் கீழ்வீட்டு அம்மா உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டு, அவள் அம்மா வரும்வரை ஒரு காதை மேலேயே வைத்திருப்பார். அன்றைக்கு அந்த அம்மாவுக்கே மயக்கம் வந்து யாரோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் கரண்டும் போய்விட்டது. தம்பி மனைவி பல் ஆஸ்பத்திரியில் வாயெல்லாம் ரத்தமாக வந்த ஒரு பையனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. பாப்பா வீட்டிலிருந்த பழைய போனில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இருட்டா இருக்கு. அம்மா எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க வந்து திறங்கப்பா."

வக்கீலம்மா ஞாபகமே வரவில்லையாம். எந்த அப்பனுக்கு வரும்? போனான், திறந்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். அதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். கதவைத் திரும்ப அழகாகப் பூட்டிவிட்டு வந்தான். திறந்த வீட்டைப் பூட்டாமல் வருவது அவன் தொழிலில் பாவம்.

என் வீட்டில் பாப்பா சாப்பிட்டாள். அவள் அம்மாவுக்கு வழியில் போன் போட்டுப் பார்த்ததாகவும் அவள் எடுக்கவில்லை என்றும் சொன்னான். பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி கூப்பிடலாம் என்று இருந்தான்.

அந்தப் பக்கம் நடந்ததை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அவள் வந்து பார்த்திருக்கிறாள். பூட்டு போட்டபடியே இருக்கிறது. தன் சாவியால் திறந்து உள்ளே போனால் பிள்ளை இல்லை. கதவு உடைந்து கிடந்திருந்தால் யாரோ வந்தார்கள் என்றாவது தெரிந்திருக்கும். பூட்டிய வீட்டுக்குள் குழந்தை எப்படிக் காணாமல் போகும்? கட்டிலுக்கடியில் பார்த்திருக்கிறாள், அலமாரியில் பார்த்திருக்கிறாள். மொட்டைமாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அந்த இருட்டில் கையை உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறாள். அந்தப் பதற்றத்தில் போனில் கிடந்த மிஸ்டு காலைக்கூடப் பார்க்கவில்லையாம்.

தம்பி மறுபடி போன் போட்டபோது அவள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருந்தாள். "பாப்பா எங்கிட்டதான் இருக்கா, சாப்பிட்டா" என்றான் இவன், நல்ல சேதி சொல்கிறவன் மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து வார்த்தை வரவில்லை. ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அதுவரை அவள்மேல் நான் சேர்த்து வைத்திருந்த கோபத்தை அன்றைக்குத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கோர்ட்டில் அதையும் பார்த்தோம். அவள் பக்கத்து வக்கீல் நிதானமாக ஆரம்பித்தார்.

"பூட்டை உடைச்சு உள்ள போனீங்களா?"

"உடைக்கலைங்க. திறந்தேன். ஒரு கீறல்கூட விழல." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"திரும்பப் பூட்டினீங்களா?"

"பூட்டாம எப்படிங்க வர்றது? திருடன் வந்தா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"முன்பின் தெரியாத ஆளுக்குக் கதவு திறக்கணும்னா யாரையாவது கேப்பீங்களாமே. அன்னிக்கு யாரைக் கேட்டீங்க?"

 "உள்ள என் பொண்ணுங்க" என்றான் இவன்.

அப்புறம் அவள் எழுந்தாள். அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "அவர் என்னை ஒரு நாளும் அடிச்சதில்லைங்க" என்றுதான் ஆரம்பித்தாள். "ஆனா அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு கதவு இல்ல. கொஞ்ச நேரம் அழலாம்னு பூட்டிக்கிட்டாக்கூடத் திறந்துட்டு வந்து நிப்பாரு. இப்போ தனியா இருக்கேன், இப்பவும் அப்படித்தான். ராத்திரி கதவுக்குப் பின்னாடி நாற்காலியைப் போட்டுட்டுத்தான் தூங்கறேன்."

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் வராந்தாவில் என்னைக் கேட்டான். "ஏன்க்கா, எங்கிட்ட இதை அவ சொல்லவே இல்லியே?"

"பூட்டிக் காமிச்சாளேடா" என்றேன். 

ஞாயிற்றுக்கிழமைகள் கைவிட்டுப் போயின. ஆறு மாதத்துக்கு, சனிக்கிழமை ஒரு மணி நேரம், கோர்ட்டிலேயே இருக்கும் சந்திப்பு அறையில்தான் பிள்ளையைப் பார்க்கலாம். ஆலோசகர் அம்மா ஒருவர் கூடவே உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அவர் அறிக்கையைப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்குமா, ஒரேயடியாகப் போகுமா என்று நீதிபதி முடிவு செய்வார். "இன்னொரு தப்பு நடந்தா நான் வாதாடறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார்.

அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சக்கரமில்லாத ஒரு பொம்மை லாரி, சுவரில் உரிந்துபோன பலூன் படம். வாசலில் காவலாளி அவன் தோள்பையை வாங்கி வைத்துக்கொள்வார். சாவிக்கொத்தில் தொங்கிய குட்டித் திருப்புளியைக்கூடக் கழற்றச் சொன்னார். அத்தை என்கிற முறையில் என்னையும் உள்ளே விட்டார்கள். பாப்பா முதலில் பேசாமல் இருந்தாள். போகப்போக வீட்டுக்கணக்கு, பல் விழுந்தது, டீச்சரின் மூக்கு என்று வழிக்கு வந்தாள். அவள் அம்மா வீட்டில் ஒரு பேட்டரி விளக்கு வாங்கி வைத்தாளாம்.

கெடு முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பாப்பா படம் வரைந்துகொண்டே கேட்டாள்.

"அப்பா, அம்மா புதுப் பூட்டு போட்டிருக்காங்க. பெரிசு. அதை உங்களால திறக்க முடியாதுன்னு சொன்னாங்க. நான் முடியும்னு சொன்னேன். முடியும்தானே?"

ஆலோசகர் அம்மாவின் பேனா நின்றது. தம்பி அவரைப் பார்க்கவில்லை. பாப்பா அது எந்த மாதிரிப் பூட்டு என்று பென்சிலால் வரைந்து காட்டினாள். அந்தக் கோணல் படத்தைப் பார்த்தவுடனே அதைத் திறக்கும் வழி அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவன் விரல்கள் மேஜைமேல் லேசாக அசைந்தன.

"முடியாதும்மா" என்றான்.

"சும்மா சொல்றீங்க."

"நிஜமாத்தான். அது அப்பாவுக்கு வராது."

"அப்போ மறுபடி கரண்ட் போச்சுன்னா?"

"விளக்கு இருக்குல்ல. அம்மாவுக்கு போன் பண்ணு."

"எடுக்கலைன்னா?"

"எடுப்பாங்க."

"எடுக்கலைன்னா?"

அவன் என்னைப் பார்த்தான். "எனக்குப் பண்ணு கண்ணு" என்றேன் நான். பாப்பா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து அந்தப் பூட்டை அழித்தாள். எங்களுக்கு இன்னும் பாதி நேரம் மிச்சமிருந்தது. 

அறிக்கை நன்றாக வந்தது. விவாகரத்தும் ஆனது, ஞாயிற்றுக்கிழமையும் திரும்பி வந்தது. வக்கீலம்மா கை குலுக்கினார். தம்பி மனைவி, இனி அவளை அப்படிச் சொல்லக்கூடாது, பாப்பாவின் அம்மா, இப்போது நாற்காலி போடாமல் தூங்குகிறாளாம். பாப்பாதான் சொன்னாள். அவன் அதைக் கேட்டுத் தலையாட்டினான். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டுக்கொண்டுதான் ஆட்டினான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டிக்குத் தடவ எடுத்த ஜாம் பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டது. பாப்பா பாவாடையில் பிடித்துத் திருகிப் பார்த்தாள், வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி பழக்கத்தில் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்து பாட்டிலை என்னிடம் கொடுத்தாள்.

"நீங்க திறங்க அத்தை. அப்பாவுக்கு வராது."

அவன் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் ஈரத்துணி சுற்றி, பல்லைக் கடித்து, எவ்வளவோ திருகிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. பாப்பா அன்றைக்கு ரொட்டியை வெறுமனே சாப்பிட்டாள்.