யார் மடியிலோ என் பை

"சாட்சி சொல்ல ஒனக்கு என்னம்மா இருக்கு? நோயில கெடந்தியா, நொடிஞ்சு போனியா? படிச்ச, வேலைக்குப் போற. அம்புட்டுத்தானே?"

எங்கள் சபையின் பெண்கள் சங்கத் தலைவி என்னிடம் இப்படிக் கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, சபை முழுக்க அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். பெண்கள் ஞாயிறு ஆராதனையில் இந்த வருடம் ஒரு இளம்பெண் சாட்சி சொல்லட்டும் என்று ஆயர் சொல்லியிருந்தார். என் வயதுப் பெண்கள் பாதிப்பேர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். மீதிப்பேர் கையில் குழந்தை. ஆகவே பேச்சு என்னிடம் வந்தது. டீச்சரம்மா கேட்டதில் கோபப்பட ஒன்றுமில்லை. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாட்சி என்றால், கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் எழுந்து நின்று சபைக்குச் சொல்வது. எங்கள் சபையில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. டாக்டர் கைவிட்ட உடம்பு தேறியிருக்க வேண்டும். லாரி கவிழ்ந்தும் ஆள் பிழைத்திருக்க வேண்டும். குடியை விடாத புருஷன் ஒரே நாளில் விட்டிருக்க வேண்டும். கேட்டு முடித்ததும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் என்னிடம் அப்படி ஒன்று இல்லை.

என்னிடம் இருப்பது வேறு. அப்பா மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்க்கிறார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறாள். எங்கள் வீட்டில் பேனா வாங்கிய முதல் ஆள் நான். கணக்கில் பட்டம் வாங்கினேன், பி.எட். முடித்தேன், இப்போது ஒத்தக்கடையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைப்பதில்லை. ஆனால் அதைச் சபையில் எழுந்து சொன்னால், நான் என்னைப் பற்றிச் சொல்வதாகத்தான் இருக்கும். கடவுளுக்கு அதில் எங்கே இடம் விட்டேன் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். சமாளித்துவிடலாம் என்று சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலை எடுத்துக்கொண்டேன். அடுப்படியில் நின்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சாவின் விளிம்புக்குப் போய்..." என்று தொடங்கியதுமே அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்பப் பாப்பா ஒனக்கு அப்பிடி ஆச்சு?"

"மூணாப்பு படிக்கையில வந்துச்சேம்மா, அந்தக் காய்ச்சல்."

"அது சளிக் காய்ச்சல். ரெண்டாம் நாளே எந்திரிச்சு ரஸ்க்கு கேட்டு அழுத. ரஸ்க்கு வாங்க ஒங்கப்பா சைக்கிள்ல போயி விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டாரு. சாட்சி சொல்லணும்னா அவருதான் சொல்லணும்."

காய்ச்சல் அதோடு முடிந்தது. சனிக்கிழமை வந்துவிட்டது, மறுநாள் ஆராதனை, கையில் ஒன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமை எங்களுக்குப் பள்ளி உண்டு. அம்மாவும் என்னோடு புறப்பட்டாள். பெண்கள் ஞாயிறுக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை கட்டுவது வழக்கம். இந்த வருடம் மாம்பழ மஞ்சள். அம்மாவின் ஜாக்கெட் ஒத்தக்கடை டெய்லரிடம் இருந்தது. எங்கள் ஊர் மேலூருக்கும் ஒத்தக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் எங்களிடம் வரும்போதே உள்ளே காற்றுக்குக்கூட இடம் இருக்காது. ஏறி நின்றோம்.

நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வதை எங்கள் பஸ்களில் யாரும் உதவி என்றே நினைப்பதில்லை. கேட்காமலே கை நீளும். கீரைக் கூடையைக் காலுக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் அம்மாவின் துணிப்பையை வாங்கிக்கொண்டாள். அம்மாவும் கொடுத்தாள். ஆனால் பையின் காதை விடவில்லை. அது அம்மாவின் பழக்கம். பை யார் மடியிலோ இருக்கும், அதன் காது அம்மாவின் விரலில் இருக்கும்.

"பையக் குடுத்தா கைய எடுக்கணும் ஆத்தா," என்றாள் கீரைக்காரப் பெண். "நான் என்ன தூக்கிக்கிட்டு ஓடவா போறேன்? ஓடுறதுக்கு இதுக்குள்ள எங்கிட்டு எடம்?"

"அதுக்கில்லத்தா. ஒனக்குக் கனக்குமேன்னுதான்."

"நீ பிடிச்சிருக்கதுனால கனம் கொறையுதாக்கும்?"

அம்மா சிரித்தாள், விடவில்லை. அந்தப் பெண் என் பக்கம் கை நீட்டினாள். "நீ குடு பாப்பா."

"இல்லக்கா, பரவாயில்ல. நானே வச்சிருக்கேன்."

நான் எப்போதும் அப்படித்தான். என் தோள்பையை யாரிடமும் கொடுப்பதில்லை. அன்று உள்ளே என் வகுப்பின் பரீட்சைத் தாள்கள் வேறு இருந்தன. என் சுமையை நானே தூக்குவேன், அடுத்தவருக்குத் தொந்தரவு வேண்டாம். இதை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "நீ வச்சிருக்க. எம் மூஞ்சியையும் சேத்துல்ல வச்சிருக்கு ஒம் பையி. ஒவ்வொரு வளைவுலயும் ஒரு இடி. டீச்சரா நீ?"

"ஆமாக்கா."

"அதான். அடிச்சாத்தான் ஒனக்குத் தூக்கம் வரும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். நான் பையைக் கழற்றிக் கொடுத்தேன். கீரைக்காரப் பெண்ணின் மடி நிறைந்திருந்ததால் அது ஜன்னலோரம் போனது, அங்கே ஒரு குழந்தை இருந்ததால் முன் சீட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. தோள் லேசாக இருந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடிக்க முடிந்தது. வெகு நாளைக்குப் பிறகு யானைமலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதனால்தான் மறந்தேன். ஒத்தக்கடையில் இறங்குகிற கூட்டம் எங்களைத் தள்ளிக் கீழே விட்டது. அம்மாவின் துணிப்பை அவள் கையில் இருந்தது. என் தோளில் ஒன்றுமில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

"அண்ணே, பை, பை" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பரீட்சைத் தாள்கள். நாற்பது பிள்ளைகள் எழுதியது. வேலைக்குச் சேர்ந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. ஆனால் நான் கத்துவதற்கு முன்பே உள்ளே சத்தம் கிளம்பியிருந்தது. "டீச்சர் பை, டீச்சர் பை, பின்னால குடு." என் பை தலைகளுக்கு மேல் கை மாறிக் கை மாறிப் பின்னோக்கி வருவது ஜன்னல்களில் தெரிந்தது. கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தினார். கடைசி ஜன்னல் வழியாக, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை பையை வெளியே நீட்டியது. வாங்கிக்கொண்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. கீரைக்காரப் பெண் மட்டும் எட்டிப் பார்த்து, "இத வச்சிக்கிட்டு நாங்க கணக்கா போடப்போறோம்?" என்றாள். பஸ் போய்விட்டது.

அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "பாத்தியா? இதுக்குத்தான் நான் காத விடுறதில்ல."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று அவளுடைய முறைதான் வென்றது. அதை வைத்து நான் என்ன சாட்சி சொல்வது?

ஆனால் அன்று முழுக்க அந்த பஸ்ஸே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் ஜெபத்தில், எல்லாவற்றையும் உமது கையில் தருகிறேன் என்று நான் சொல்கிறேன். சொல்லிவிட்டு எழும்போது எல்லாவற்றையும் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டுதான் எழுகிறேன். அப்பாவின் முதுகுவலி, ரேஷன் கடை, வங்கி, தம்பியின் படிப்பு. நான் படித்தவள், நான்தான் பார்க்க வேண்டும். பார்க்கிறேன். அதன் இடி யார் முகத்தில் விழுகிறது என்று திரும்பிப் பார்த்ததில்லை. பல நாள் அது அம்மாவின் முகம்தான். அப்புறம், என் பையை வாங்கிக்கொண்டவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. நான் மறந்தேன், அவர்கள் மறக்கவில்லை. கடவுளின் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று ஜன்னலில் வந்த கையை அந்தக் கணக்கில் சேர்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சேலைகளுக்கு நடுவில் நின்று இதைத்தான் சொன்னேன். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. சிரித்தார்கள். பையின் காதைப் பற்றிச் சொன்னபோது ஆலயம் முழுக்கச் சிரித்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சாட்சியில் இவ்வளவு சிரிப்பு வரலாமா என்று எனக்கே பயமாகிவிட்டது. ஆனால் பின்வரிசையில் ஒரு அக்கா, மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு மாதம் ஆனவர், சிரித்து முடித்ததும் தலையைக் குனிந்து வெகுநேரம் நிமிரவே இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் டீ கொடுத்தார்கள். அம்மா என் கையைக் கிள்ளினாள். "என்னைய எதுக்கு இழுத்த?"

"எல்லாரும் சிரிச்சாங்கல்லம்மா."

"சிரிச்சாங்க," என்று ஒத்துக்கொண்டாள். அவளுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

டீச்சரம்மா டம்ளரோடு வந்தார். "நான் சாட்சின்னு நெனச்சிருந்தது இது இல்ல," என்றார். "ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணு கேக்கவா? வெள்ளிக்கிழம குடும்ப ஜெபத்துக்கு ஒங்க வீட்ட எத்தன தடவ கேட்டுட்டோம்? வீட்டக் கட்டி முடிச்சதும் வைக்கிறோம், நாங்களே எல்லாம் பாத்துக்கிறோம்னு சொல்றது ஒங்கம்மாவா, நீயா?"

நான்தான். வாரம் ஒரு வீடு என்று சபையார் கூடி ஜெபிப்பார்கள். எங்கள் வீடு ஒற்றை அறை, மேலே சிமெண்ட் ஷீட். என் சம்பளத்தில் முன்னறை ஒன்று எழுந்துகொண்டிருக்கிறது, சுவர் இடுப்பளவு வந்திருக்கிறது. பூச்சு முடித்து, நாற்காலி வாங்கி, அதன் பிறகு எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்று வைத்திருந்தேன். அம்மாவை நான் கேட்டதே இல்லை. அவள் மற்றவர்கள் வீட்டு ஜெபத்துக்குப் போகும்போதெல்லாம் நம் வீட்டில் எப்போது என்று கேட்பாள். நான் சிமெண்ட் விலையைச் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி இடைவேளையில் டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இந்த வெள்ளிக்கிழம எங்க வீட்டுல வைக்கலாம் டீச்சரம்மா. ஆனா நாற்காலி இல்ல."

"டீக்குப் பாலு?"

"அதுவும் பத்தாது. டம்ளரும்."

"வேற என்னதான்மா இருக்கு ஒங்கிட்ட?"

"எடம் கொஞ்சம் இருக்கு. அம்மா இருக்காங்க."

"போதும்," என்றார். "நான் சொல்லிர்றேன்."

இன்று வியாழன். அப்பா குவாரியிலிருந்து வந்ததும் தன் மொபெட்டில் கட்டி, இரண்டு நடையாக ஆலயத்து நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பக்கத்து வீட்டு அத்தை பால் தருவதாகச் சொல்லிவிட்டார். அம்மா நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கழுவி, பாதி எழுந்த சுவரின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறாள். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.