அம்மாவுக்கு அடுத்த சொல்

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில், ஒரு அம்மாளுக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் தம்பியிடமிருந்து வாட்ஸாப்பில் செய்தி வந்தது. "Amma mati achu."

நாங்கள் யாரும் கைப்பேசியில் தமிழ் எழுத்தில் அடிப்பதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ், நடுநடுவே மலாய், அதுதான் எங்கள் பாஷை. மலாயில் மாத்தி என்றால் செத்துப்போவது. விளக்கு அணைந்தாலும் எஞ்சின் நின்றாலும்கூட இங்கே "மாத்தி ஆச்சு" என்றுதான் சொல்வோம். அம்மா முதல்நாள்தான் மூச்சுத்திணறலோடு கிள்ளானில் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். எனக்கு வேறு அர்த்தமே தோன்றவில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைய நான் பாத்துக்கறேன், நீ கெளம்பும்மா" என்றார்.

தம்பியை அழைத்தேன். போன் அணைந்திருந்தது. ரயிலில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. கதவோரம் நின்றுகொண்டு அவனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். "Amma mati ah? Amma mati ah?" ஒன்றுகூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

நடுவில் கோபமும் வந்தது. மலாய்க்காரர்கள் மனிதர் இறந்தால் மெனிங்கால் என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள். மாத்தி என்பது கோழிக்கும் பூனைக்கும். பெற்ற தாயை இப்படியா எழுதுவான், தடிமாடு! திட்டத் திட்ட ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. பண்டமாரானில் லோரி ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அம்மாவை அப்படி எழுத மாட்டானே. அந்த நப்பாசை ஷா ஆலம் நிலையம் வரை தாங்கியது. அப்புறம் மறுபடியும் பயம்தான்.

காஜாங்கில் இருக்கும் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். Amma என்று அடித்தேன். அடுத்து என்ன எழுதப்போகிறோம் என்று ஊகித்து, போன் விசைகளுக்கு மேலே மூன்று சொற்களை நீட்டுமே, அதில் எப்போதும் sapta என்றோ marunthu என்றோ வரும். அன்றைக்கு முதல் சொல்லே mati. நான்தான் கேட்டுக் கேட்டு அதற்குப் பழக்கிவிட்டிருந்தேன். இரண்டே தட்டு, அக்காவுக்குப் போய்விடும். சுட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டேன். கண்ணால் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று போனைக் கைப்பைக்குள் போட்டேன்.

மருத்துவமனையில் அம்மாவின் கட்டிலில் யாரோ ஒரு சீனப் பாட்டி படுத்திருந்தார். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன். தாதி என்னிடம் மலாயில் ஏதோ சொன்னார். மேல்மாடி என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. ஓடினேன்.

அம்மா மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று தம்பியைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"மாத்தியாச்சுன்னுதானே போட்டேன்!" என்றான் தம்பி. "வார்டு மாத்தியாச்சு!"

அவன் அடித்தது mathi. அவன் போன் மலாய்க்குப் பழகியது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று நடுவில் ஓர் எழுத்தை விழுங்கி, தனக்குத் தெரிந்த சொல்லாக்கி அனுப்பிவிட்டது. உடனே பேட்டரியும் தீர்ந்துவிட்டது. அவனை அறைவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அழுது முடித்து, அக்காவுக்கு நல்ல சேதி சொல்லலாம் என்று Amma என்று அடித்தேன். மறுபடியும் அதே சொல் வந்து நின்றது. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது ஒப்பிக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பல்லி சொன்னதுபோல் உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சொல்லை அழுத்திப் பிடித்தேன். நீக்கிவிடவா என்று கேட்டது.

"என்னாடி நோண்டுற?" என்றார் அம்மா. சொன்னேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு இருமலும் வந்தது. "அழிக்காத லா, இருக்கட்டும். ஒரு நாளைக்கு வேணும்ல? அன்னிக்கு ஒனக்குக் கை நடுங்கும், எழுத்து தேடிக்கிட்டு நிப்ப."

தம்பியும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லை அழித்தேன். அதற்கே என் விரல் இரண்டு முறை தவறியது.